சக்கிமுக்கித் துப்பாக்கியும் மான் வேட்டையும்

மான்கள் பயிரில் விழுவதனால் உண்டாகும் நஷ்டம் எவ்வளவினது என்பதை, காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இரவில் ஒரு மந்தை புகுந்துபோன சோயாமொச்சை வயல், மறுநாட் காலையில் நுனியெல்லாம் அரிவாளால் அறுக்கப்பட்டதுபோல் மொட்டையாய் நிற்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்ஸில்வேனியா என்னும் இராஜ்யத்துக் குடியானவர்கள் இந்த நஷ்டத்தை நெடுங்காலமாய் அறிவார்கள். மான் தொகையை அளவுக்குள் வைப்பதற்கு அவ்விராஜ்யத்தார் செய்திருக்கும் பல ஏற்பாடுகளில் ஒன்று மிகவும் விநோதமானது. வருஷந்தோறும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அடுத்தாற்போல் சில வாரங்களுக்கு, 200 வருஷங்களுக்கு முந்திய மாதிரியில் செய்யப்பட்டதும், சக்கிமுக்கிக் கல்லினால் தீப்பற்றுவதும், வாய்வழியே மருந்து கெட்டிக்கப்படுவதுமான துப்பாக்கியைக் கொண்டு மானைச் சுட அங்கே அனுமதி அளிக்கப்படுகிறது.

ஒரு நிமிஷத்தில் பல குண்டுகள் சுடத்தக்க துப்பாக்கிகள் கடையில் கிடைக்கையில், பாட்டனார் காலத்துக் கருவிக்குத் திரும்புவானேன் என்று கேட்பது இயற்கையே. அக்கேள்விக்கு விடை கூறுவதும், ஒரே குண்டை நம்பி வேட்டைக்குச் செல்கிறவன் மிருகத்தை வீணே வதைக்காமலும் தனக்கே தீங்கு தேடிக்கொள்ளாமலும் இருக்க எவ்வளவு முன்ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது என்பதை விளக்குவதுமே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். பயிர்க் காவலுக்கென்று நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெற்றிருப்பவர்களும், அந்த லைசென்ஸ் மானைச் சுடுவதற்கு உத்தரவாகாது என்பதை மறக்கலாகாது. மானால் பயிர் அழிந்தால் வன இலாகாவினருக்கு எழுத்து மூலமாய்த் தெரிவித்து, அவர்கள் மூலமாகவே பரிகாரம் தேடவேண்டும். வேட்டையைப் பற்றிக் கீழே கூறப்படுவன யாவும் அமெரிக்க தேசத்து வழக்கங்கள். ஆயினும் மருந்தைக் கையாளும் விஷயமாய்ச் சொல்லப்படுவது நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும்.

மான்கள் பெருகிய விதம்

அங்குள்ள மான் ‘வெள்வால் மான்’ எனப்படும். வெருண்டு ஓடும்போது வாலை நிமிர்த்தி அதன் அடிப்பக்கத்து வெண்மையைக் காட்டுவதனால் இப்பெயர் வந்தது. முதிர்ந்த கலைமான் 150 ராத்தலும் அதற்கு மேலும் நிறைகொள்ளும். பிணைமான் அதைவிடச் சிறியது.

1800-க்கும் 1900-க்கும் இடையில் காடுகள் வெட்டப்பட்டு, இறைச்சிக்கும் தோலுக்கும் மான்கள் வரைமுறையின்றிச் சுடப்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில் பென்ஸில்வேனியாவில் மானைக் காண்பதே அருமையாயிற்று. அதனால் 1895-ல் வேட்டைப் பிராணிகளைக் காக்கும் கமிஷன் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1906 முதல் வெளி இராஜ்யங்களிலிருந்து மான்கள் கொண்டுவந்து விடப்பட்டன. 1907-ல் கொம்பில்லாத மானைச் சுடக்கூடாதென்று சட்டம் செய்யப்பட்டது. மானைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் அதற்கு முன்பே அங்கிருந்து ஒழிந்துபோயின. வெட்டிய காடுகளில் இளந்தளிர் எங்கும் துளிர்த்திருந்தது. பகையுமில்லை, தீனிக்கும் குறைவில்லை என்றால் கேட்கவேண்டுமா? நன்றாய் மேய்ந்த பிணை, வருஷத்துக்கு இரண்டு குட்டிகள் போடுவது சாதாரணம். தாராளமான மேய்ச்சல் உள்ள இடத்தில் முதல் வருஷத்துப் பிணைக்குட்டியே சினையாவதும் உண்டு. சில பத்தாண்டுகளுக்குள் மந்தைகள் பெருகி, காட்டில் எட்டிய மட்டும் தளிரைத் தின்று தீர்த்து, பனிக்காலத்தில் பட்டினியால் சாகவும், வயல்களிலும் ஆப்பிள் தோட்டங்களிலும் புகவும் தலைப்பட்டன. தளிர்களைத் தின்றுவிட்டபடியால் முதிர்ந்த மரம் விழுந்த இடத்தில் புது மரம் எழாமற்போயிற்று என்பது இன்றைக்கும் அவ்விராஜ்யத்து வன அதிகாரிகளின் குறை.

இதிலிருந்து அவர்கள் கற்றது யாதெனில், கலைமானை எத்தனை சுட்டாலும் மந்தை குறையாது. மீதியுள்ள சில கலைகளே எல்லாப் பிணைகளையும் சினையாக்கிவிடும். பிணைகளின் தொகையைக் கொண்டே மந்தையின் தொகை ஏறி இறங்குகிறது என்பதாகும். நம் கால்நடை வளர்ப்போருக்கு இது புதிதன்று. ஆனால் ‘பிணையைச் சுடுவது பாவம், ஆண்மைக்கு இழுக்கு’ என்று ஒரு தலைமுறை பழகியிருந்த வேட்டைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள வெகு காலம் பிடித்தது. 1920-க்குப் பிறகு பிணைகளைச் சுட அனுமதி கொடுத்தபோது பலத்த எதிர்ப்பு உண்டாயிற்று.

குடியானவர்கள் தாமாகச் செய்துகொள்ளக்கூடிய பரிகாரம் வேலியொன்றே. வெள்வால் மான் தாண்டாதிருக்க வேண்டுமானால் வேலி 8 அடி உயரம் இருக்கவேண்டும். பழத்தோட்டத்துக்கு இது கட்டும்; மக்காச்சோள வயலுக்குக் கட்டாது. ஆகவே நிலச்சொந்தக்காரர் தம் நிலத்தின் விஸ்தீரணத்துக்குத் தக்கபடி கமிஷனிடம் அனுமதிச் சீட்டுகள் பெற்று, வேட்டைக்காரர்களுக்குக் கொடுத்துத் தம் நிலத்தில் மானைக் குறைத்துக்கொள்ளும் திட்டமொன்று 2003 முதல் நடந்துவருகிறது.

பழைய துப்பாக்கி ஏன்?

சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்று தனிப் பருவம் 1974-ல் முதன் முதல் ஏற்பட்டது. அப்போது மூன்றே நாட்கள், அதுவும் இராஜ்யத்துக்குச் சொந்தமான சில வேட்டைக் காடுகளில் மாத்திரம் அனுமதி இருந்தது. பிறகு அது சில வாரங்களாக நீண்டது. துப்பாக்கி 1800-க்கு முந்தியதாகவோ அதன் மாதிரியில் செய்ததாகவோ இருக்கவேண்டும். ஒற்றைக் குழல், திறந்த குறிமுள், ஒரே குண்டு. குழலின் துவாரம் ஓர் அங்குலத்தில் நூற்றில் 44 பங்குக்குக் குறையலாகாது. தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்துக்கொள்ளக் கூடாது.

இதன் அனுகூலம் என்னவென்றால், ஆள் அதிகம் காட்டில் நின்றாலும் மான் கணக்கின்றி விழுவதில்லை. நவீனத் துப்பாக்கியுடன் அத்தனை பேரை அத்தனை நாள் விட்டால் மந்தை தாங்காது. பழைய துப்பாக்கி பிடித்தவனோ 50, 60 கஜத்துக்குள் மானை நெருங்கவேண்டும். ஒரு வெடி தவறினால் மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மலைச்சரிவில் நிற்கும். வீடுகளும் பண்ணைகளும் நெருங்கிய பிரதேசத்தில் இன்னோர் அனுகூலமும் உண்டு. உருண்டைக் குண்டு காற்றை எதிர்த்துச் செல்லும் சக்தி குறைந்தது. 100 கஜம் போவதற்குள் தன் வேகத்தில் பாதிக்குச் சமீபமாய் இழந்துவிடும். நவீனக் கூர்குண்டைப்போல் மைல் கணக்கில் பறப்பதில்லை. ஆனால் இதைக்கொண்டு அது தீங்கற்றதென்று எண்ணிவிடக் கூடாது. குறியைத் தாண்டி வெகு தூரத்தில் நிற்கும் ஆளையும் அது காயப்படுத்தும். மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடலாகாது என்னும் விதி இதற்கும் உண்டு.

வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் புதுவகைகளும் உண்டு என்பதைக் குறிப்பிட வேண்டும். 1985-க்குப் பிறகு பரவிய ஒரு வகையில், தீ குழலின் பின்புறத்திலிருந்து நேரே மருந்தில் பாய்கிறது. அது மழையிலும் தவறாமல் வெடிக்கும். 150 கஜம் வரையில் குறி தப்பாது. வாயில் மருந்திடுவது ஒன்று தவிர மற்றெல்லாவற்றிலும் அது நவீனத் துப்பாக்கியே. பென்ஸில்வேனியாவில் அவ்வகைக்கு அக்டோபரில், கொம்பில்லாத மானுக்கு மாத்திரம், ஒரு வாரம் விட்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிந்திய பருவத்தில் அதற்கு இடமில்லை. இவ்விரண்டையும் பிரித்து வைத்தது நியாயமென்றே எமக்குத் தோன்றுகிறது.

துப்பாக்கியும் மருந்தும்

அந்த இராஜ்யத்துக்கு இத்துப்பாக்கி அந்நியமானதன்று. 1700-க்குப் பின் ஜெர்மனி, சுவிட்ஸர்லாந்து தேசங்களிலிருந்து லான்காஸ்டர் ஜில்லாவில் வந்து குடியேறிய கொல்லர்கள், தங்கள் நாட்டுக் குட்டையான வேட்டைத் துப்பாக்கியை நீட்டி, துவாரத்தைச் சிறுத்து, ஈயமும் மருந்தும் குறைவாய்ச் செலவாகும்படி அமைத்ததே ‘பென்ஸில்வேனியா நெடுந்துப்பாக்கி’. குழலின் உட்புறத்தில் முறுக்காய் ஓடும் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். அப்புரிகளே குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துவன. புரியில்லாத நம் நாட்டுத் துப்பாக்கிக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் இதுவே.

வெடிக்கும் விதம் வருமாறு. விசையை இழுத்தவுடன் குதிரையின் வாயில் கவ்வப்பட்டிருக்கும் சக்கிமுக்கிக் கல், எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசிக்கொண்டு இறங்குகிறது. தகடு பின்சாய்ந்து, அதன் கீழ் மூடப்பட்டிருந்த சிறு கிண்ணம் திறக்கிறது. பொறிகள் கிண்ணத்திலுள்ள பொடிமருந்தில் விழுகின்றன. அந்தத் தீ, குழலின் பக்கத்திலுள்ள பற்றுவாய் என்னும் சிறு துவாரம் வழியே உள்ளே சென்று பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. இத்தனையும் இமைப்பொழுதில் நடந்தாலும், விசை இழுத்ததற்கும் குண்டு வெளிப்படுவதற்கும் இடையே உணரத்தக்க தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் கை அசைந்தால் குறி தப்பும்.

மருந்து, நமக்குத் தெரிந்த கருமருந்தே: நூற்றுக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. இதில் வெடியுப்பைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிஹார் தேசத்தில் பழைய ஊர் மண்ணையும் தொழுவத்து மண்ணையும் கரைத்துக் காய்ச்சி எடுத்த வெடியுப்பு ஒரு காலத்தில் கல்கத்தா வழியாய் உலகமெங்கும் சென்றது. அமெரிக்கத் துப்பாக்கிகளிலும் பெரும்பாலும் அதுவே புகைந்தது. பயிருக்கு நல்ல உரமாகும் அதே உப்புத்தான் இது.

மருந்து குறுணைகளாய்ச் சலித்து விற்கப்படுகிறது. பருங்குறுணை குழலுக்கும், மாவுபோன்ற மிக நுண்ணிய பொடி கிண்ணத்துக்கும் ஆகும். புகையில்லா நவீன மருந்தை இத்துப்பாக்கியில் ஒருபோதும் இடலாகாது. அதன் உக்கிரத்தை இக்குழல் தாங்காமல் வெடித்து, சுடுபவனின் கையையும் கண்ணையும் பறித்துவிடும். இவ்விஷயத்தில் ‘கொஞ்சம்’ என்பதற்கே இடமில்லை.

மருந்து கெட்டிக்கும் முறை

அரை அங்குலத் துவாரமுள்ள குழலுக்கு 70 முதல் 90 கிரெயின் வரை மருந்து போதும். குண்டு கலப்பில்லாத மெல்லீயத்தில் வார்த்தது. நிறை ஏறக்குறைய 177 கிரெயின். அது குழலைவிடச் சற்றுச் சிறியதாயிருக்கும். எண்ணெயோ கொழுப்போ தோய்ந்த கெட்டிப் பருத்தித் துணித் துண்டொன்றில் வைத்து இறக்குகையில் துணி இடைவெளியை அடைத்து, புரிகளைப் பற்றி, குண்டைச் சுழற்றும். மருந்தைக் கூட்டினால் வலிமை கூடுமென்று நினைப்பது பிசகு. ஓர் அளவுக்கு மேல் எரியாத மருந்து வாய்வழியே சிதறுவதோடு குறியும் கெடும். எந்த அளவில் குண்டுகள் ஓரிடத்தில் கூடி விழுகின்றன என்பதைப் பருவத்துக்கு முன்பே 50 கஜத்தில் தாள் வைத்துச் சுட்டுக் கண்டுபிடித்து, அதன் பிறகு அதை மாற்றாதிருப்பதே சரி.

முதலில் குழலுக்குள் பழைய மருந்து இல்லையென்று கஜக்கோலை விட்டுப் பார்க்கவேண்டும். வெறுங்குழலிலும் மருந்துள்ள குழலிலும் கோல் எதுவரை இறங்கும் என்பதைக் கோலிலேயே கோடிட்டு வைத்துக்கொள்வது நல்லது. மருந்தைக் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டக் கூடாது. முன் சுட்ட வெடியின் கங்கு உள்ளே இருந்தால், கையிலுள்ள கொம்பு முழுவதுமே தீப்பற்றும். அளவுகுப்பியில் எடுத்து, கொம்பை மூடித் தூரவைத்து, பின்பே ஊற்றவேண்டும். முகத்தையும் மார்பையும் குழலின் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு கெட்டிப்பது அநேகர் செய்யும் பிழை.

குண்டைத் துணியோடு வாயில் வைத்து அழுத்தியபின், கஜக்கோலை நுனியில் பிடிக்காமல், வாய்க்கு ஓரடிக்குள்ளாகப் பிடித்துச் சிறிது சிறிதாய்த் தள்ளவேண்டும். நுனியைப் பிடித்து ஒரே மூச்சில் தள்ளினால் மரக்கோல் முறிந்து, முறிந்த கூர் உள்ளங்கையில் பாயும். குண்டு மருந்தின்மேல் நன்றாய் உட்கார்ந்ததா என்பதைக் கோட்டைக் கொண்டு பார்க்கவேண்டும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெளி இருந்தால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். இந்த ஒரு தவறினால் கெட்ட துப்பாக்கிகள் பல.

கிண்ணத்தில் பொடி போடுவது மானுக்குக் காத்திருக்கும் இடத்தை அடைந்த பிறகே. பொடி கிண்ணத்தின் பாதிக்குள் இருக்கவேண்டும். பற்றுவாயை மூடும்படி நிரப்பினால் தீ உள்ளே பாயாமல், திரிபோல் எரிந்து சென்றபிறகே வெடி கிளம்பும்.

விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கலாகாது. உள்ளே தீ ஊர்ந்துகொண்டிருக்கலாம். குறியை நோக்கியபடியே ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் பிடித்திருந்து, பிறகே பற்றுவாயை ஊசியால் துளைத்துப் புதுப்பொடி இடவேண்டும். கிண்ணத்தின் தீ முகத்துக்கு அருகில் எழுவதால் கண்ணாடி அணியாமல் சுடுவது அறியாமை.

பனிக்காலத்தில் பெரிய விரோதி ஈரம். பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சேறாகும். ஆகையால் மழையிலும் பனியிலும் அடிக்கடி அதைத் துடைத்துவிட்டுப் புதிது போடுவார்கள்; கிண்ணத்தின்மேல் எண்ணெயிட்ட தோலுறை ஒன்று கட்டியிருப்பார்கள். குளிரிலிருந்து துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்த்து மருந்து நனையும். மாலையில் மருந்துள்ள துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவராமல், மண்மேட்டில் சுட்டுத் தீர்த்துவிடுவதே உத்தமம்.

மானை நெருங்குதல்

டிசம்பர் இறுதியில் மான்கள் இணைசேரும் காலம் கழிந்து, பல வாரங்கள் சுடப்பட்டு மருண்டு, பகலில் அடர்ந்த புதர்களில் படுத்திருக்கும். பசி அவற்றை மாலை வேளையில் ஓக் மரத்தடிக் கொட்டைகளுக்கும், மக்காச்சோளத் தாள் நிற்கும் வயல்களுக்கும், குளிர்காலக் கோதுமைக்கும் இழுத்து வருகிறது. அந்த வழியில், காற்று மானிடமிருந்து தன்னை நோக்கி வீசும்படியாக, மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிட்டும் வாய்ப்பு, காடெல்லாம் நடப்பவனுக்குக் கிட்டுவதில்லை. புதுப்பனி விழுந்திருந்தால் சுவடு பிடித்து மெல்லப் பின்தொடர்வதும் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து, சிலர் புதரைக் கலைக்க மற்றவர் வழியில் நிற்பதுமுண்டு. ஆனால் ஓடும் மானை இத்துப்பாக்கியால் சுடுவது பெரும்பாலும் காயப்படுத்துவதிலேயே முடியும்.

மான் பக்கவாட்டில் நிற்கவேண்டும்; முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்கவேண்டும். அங்கே நுரையீரலும் இருதயமும் உள்ளன. தலையையும் கழுத்தையும் குறிவைத்துத் தாடையை உடைத்துவிட்டால், அந்த மிருகம் பல நாள் பட்டினி கிடந்து சாகும். மான் பின்புறம் காட்டி நின்றாலும், கிளை மறைத்தாலும், 75 கஜத்துக்கு மேல் நின்றாலும் விசையைத் தொடாமல் விட்டுவிடுகிறவனே இவ்வேட்டைக்குத் தகுந்தவன். அன்று வெறுங்கையோடு திரும்புவது இப்பருவத்தில் பெரும்பாலோருக்கு நேர்வதுதான்.

சுட்டவுடன் வெண்புகை திரைபோல் எழுந்து எல்லாவற்றையும் மறைக்கும். ஆகவே சுடும் முன்பே மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ கொண்டு குறித்துவைக்க வேண்டும். உடனே ஓடிப் பார்க்காமல், நின்ற இடத்திலேயே மறுபடி மருந்து கெட்டித்து, அரைமணி நேரம் பொறுத்துப் பின் செல்லவேண்டும். அடிபட்ட மான் துரத்தப்படாவிட்டால் அருகிலேயே படுத்து இறக்கும். துரத்தினாலோ வெகுதூரம் ஓடி மறையும். நுரையோடு கூடிய செந்நிற இரத்தம் நுரையீரலில் பட்டதற்கு அடையாளம். கருமையாய், சாணநாற்றத்துடன் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. அப்போது பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரத்தமே காணாவிட்டாலும் தவறிவிட்டதென்று திரும்பிவிடாமல் சுவடு தேடுவது கடமை. உருண்டைக் குண்டு பல சமயம் மறுபுறம் வெளிவராமல் நின்றுவிடுவதால் வெளிக்கசிவு குறைவாயிருக்கும்.

இறந்த மானின் குடலை அங்கேயே எடுத்து உடலைக் குளிரவிடுவார்கள். தேவைக்கு மிஞ்சிய இறைச்சியை ஏழைகளின் உணவுசாலைகளுக்குக் கொடுப்பதற்கென்று 1991 முதல் அவ்விராஜ்யத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2012-ல் மான்களின் மூளையைத் தாக்கி மெலிவித்துக் கொல்லும் தொற்றுநோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு அது தொற்றியதாய் நிரூபணமில்லையாயினும், நோய் கண்ட பிரதேசத்திலிருந்து தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுபோவது தடுக்கப்பட்டிருக்கிறது; நோயுள்ளதென்று பரீக்ஷையில் தெரிந்த இறைச்சியை உண்ணலாகாதென்றும் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்.

துப்பாக்கியைக் கழுவுதல்

கருமருந்து எரிந்து விடும் கசடு, ஈரத்தை உறிஞ்சி ஓர் இரவிலேயே குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் மாத்திரம் பூசினால் கசடு அடியிலேயே தங்கிவிடும். வேட்டை முடிந்த அன்றே, குழலில் மருந்தில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு, துணி சுற்றிய கோலால் நீர் தெளிவாய் வரும்வரை கழுவவேண்டும். பற்றுவாயை ஊசியால் குத்தி, கிண்ணத்தையும் குதிரையையும் துடைத்து, முற்றும் உலர்ந்தபின் மெல்லிய எண்ணெய் தடவவேண்டும். மறுநாள் வெண்துணி ஒன்றை விட்டு இழுத்துப் பார்த்து, செம்பட்டை நிறம் தென்பட்டால் மீண்டும் கழுவவேண்டும். அடுத்த முறை மருந்திடும் முன் உள்ளிருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்காவிட்டால், அந்த எண்ணெயே முதல் வெடியின் மருந்தை நனைத்துவிடும்.